திரை காஞ்சியில், கணினி சிங்கப்பூரில்

கல்யாணப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்கள் காந்தி சாலைக் கடைகளில் பாதி நாளும் கோயில்களில் மீதி நாளும் கழித்துவிட்டு ஊர் திரும்புவார்கள். இந்த ஊரின் பெயரைத் தாங்கி இன்னொரு கூட்டமும் நடந்துகொண்டிருப்பது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு, சுருக்கமாகக் காஞ்சிலக். த. சீனிவாசனும் அவருடைய நண்பர்களும் வளர்த்தெடுத்த தன்னார்வக் குழு இது. கட்டற்ற மென்பொருளைத் தமிழில் பேசிப் புரியவைப்பதே இதன் வேலை. இந்த வட்டத்திலிருந்துதான் 2012 ஜனவரியில் ‘கணியம்’ மின்னிதழ் வெளிவரத் தொடங்கியது. லினக்ஸ், மைஎஸ்க்யூஎல், பைத்தான் என்று ஒவ்வொன்றுக்கும் ‘எளிய தமிழில்’ நூல்கள் இலவச மின்னூல்களாக வந்ததும் இதே வட்டத்தின் உழைப்பால்தான்.

இத்தகைய குழுக்களில் புதிதாகச் சேரும் மாணவர் முதலில் கேட்பது பெரும்பாலும் நிரலைப் பற்றிய கேள்வியாக இருக்காது. “அண்ணா, இன்ஸ்டாலே ஆக மாட்டேங்குது” என்பார். புத்தகத்தில் சொல்லியிருப்பது பைத்தானின் ஒரு பதிப்பு. அவருடைய மடிக்கணினியில் இருப்பது வேறொன்று. ஆசிரியர் வைத்திருப்பது உபுண்டு. மாணவரிடம் இருப்பது விண்டோஸ். ஒரு நூலகத்தை நிறுவப் போனால் அது இன்னொரு நூலகத்தைக் கேட்கிறது. அதை நிறுவினால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோகிறது. சிவப்பு எழுத்தில் இருபது வரிப் பிழைச்செய்தி. அதோடு சிலர் மடிக்கணினியை மூடிவைத்துவிடுகிறார்கள், பலர் திரும்ப வருவதே இல்லை.

தமிழ்நாட்டில் இது சிறிய இழப்பாகாது. 2011 செப்டம்பர் 15 அன்று, காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் பிறந்தநாளில், அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். படிக்க, எழுத, பாடம் பார்க்க அவை போதும். இன்றைய மென்பொருள் வேலை கேட்கும் நினைவகத்தையும் வட்டு இடத்தையும் பழைய மடிக்கணினிகளால் கொடுக்க முடிவதில்லை. ஆர்வம் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, கணினியும் இருக்கிறது. ஆனால் நிரல் ஓடுவதற்கான சூழல் அமைவதில்லை.

அந்தச் சூழலை வீட்டுக் கணினியிலிருந்து பெயர்த்து எங்கோ ஒரு தரவு மையத்தில் வைத்துவிட்டு, உலாவி வழியாக அதற்குள் போய் வேலை செய்வதுதான் கிளவுட் நிரலாக்கச் சூழல். தட்டச்சு செய்யும் திரை மட்டும் உங்கள் வீட்டில். நிரல் ஓடுவது வேறு ஊரில், சில சமயம் வேறு நாட்டில்.

இந்த யோசனைக்கு வயது அதிகம். 1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ ஒரே கணினியைப் பல பேர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்திக் காட்டினார். எல்லோருக்கும் தனித்தனிக் கணினி என்பது எவராலும் எண்ணிப்பார்க்க முடியாத காலம் அது. பிறகு கணினி மலிந்து மேசைக்கு வந்தது. மேசைக்கு மேசை சூழல் வேறுபட்டது. “என் கம்ப்யூட்டர்ல ஓடுதே!” என்பது மென்பொருள் அலுவலகங்களின் நிரந்தர வசனமானது.

மறுபடி பகிர்வின் பக்கம் திரும்புவதற்கு இரண்டு காரியங்கள் நடக்க வேண்டியிருந்தது. முதலாவது, உலாவிக்குள்ளேயே நல்ல நிரல் தொகுப்பி ஓட வேண்டும். மொசில்லா 2009இல் பெஸ்பின் என்ற பெயரில் அதை முயன்றது. 2010இல் ஆம்ஸ்டர்டாமில் கிளவுட்9 தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் 2015இல் வெளியிட்ட விஎஸ் கோட், இணையப் பக்கங்களை உருவாக்கும் அதே நுட்பங்களால் கட்டப்பட்டது. ஆகவே அதை உலாவிக்குள் கொண்டுபோவது இயல்பான அடுத்த படியாக அமைந்தது.

இரண்டாவது, ஒரு கணினிக்குள் பல சூழல்களை ஒன்றோடொன்று மோதாமல் அடைத்து வைக்கும் வழி. கூகுளில் பணியாற்றிய பால் மெனேஜ், ரோஹித் சேத் ஆகிய பொறியாளர்கள் 2006இல் தொடங்கிய வேலை, சிகுரூப் என்ற பெயரில் 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் கருவில் இடம்பெற்றது. இந்த நிரல் கூட்டம் இவ்வளவு நினைவகத்தைத்தான் எடுக்கலாம், இவ்வளவு செயலி நேரத்தைத்தான் எடுக்கலாம் என்று லினக்ஸால் அளந்துவிட முடிந்தது. ஒரு கூட்டத்தின் கோப்புகளும் பிணையமும் இன்னொன்றின் கண்ணில் படாமல் மறைக்கும் வசதியும் லினக்ஸில் வளர்ந்துவந்தது. இவற்றை ஒன்றாக்கி, யாரும் கையாளக்கூடிய கருவியாக்கித் தந்தது டாக்கர். 2013 மார்ச்சில் சாண்டா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடப் பேச்சில் அதை அறிமுகப்படுத்தினார். நிரலும் அது கேட்கும் நூலகங்களும் சேர்ந்த அந்தப் பொதிக்குக் கன்டெய்னர் என்று பெயர்.

கன்டெய்னர் ஏன் இவ்வளவு உதவுகிறது என்பதைப் பிள்ளையார்பாளையத்துத் தறியைப் பார்த்தவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஒரு பாவு நெய்து முடிந்ததும் நெசவாளர் பழைய இழைகளை விழுதிலிருந்தும் அச்சிலிருந்தும் உருவி எறிவதில்லை. நுனியை அப்படியே விட்டுவைக்கிறார். புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளும் ஒவ்வொன்றாகப் பழைய நுனிகளோடு முறுக்கிச் சேர்க்கப்படுகின்றன. பாவு புணைத்தல் என்பார்கள். பிறகு மெல்ல இழுத்தால் புதுப் பாவு முழுவதும் பழைய ஒழுங்கிலேயே விழுதையும் அச்சையும் கடந்து வந்துவிடும். ஒருமுறை கோத்த கோப்பு அடுத்த பாவுக்கும் அதற்கடுத்த பாவுக்கும் உழைக்கிறது. கன்டெய்னரும் கோத்து வைத்த கோப்புதான். ஒருவர் ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால், அடுத்தவர் தம்முடைய நிரலை அதில் புணைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடலாம்.

இனி நடைமுறைக்கு வரலாம். எடுத்துக்காட்டுக்கு ஒரு தமிழ் வேலையையே எடுத்துக்கொள்வோம். முத்தையா அண்ணாமலை என்ற பெயர் தமிழ்க் கணிமையில் பழகியது. ‘பதிப்பி’ போன்ற தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட ‘எழில்’ நிரல்மொழியை உருவாக்கியவர் அவர். எதையும் நிறுவாமல் எழில் நிரலை இணையத்தளத்திலேயே எழுதி ஓட்டிப்பார்க்கவும் வழி செய்திருந்தார்கள். அவரும் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கிய இன்னொரு கருவி ‘ஓப்பன்-தமிழ்’ என்ற பைத்தான் நூலகம். கணினிக்குத் தமிழ் எழுத்துகளைச் சரியாக எண்ணச் சொல்லித்தருவது அதன் வேலைகளில் ஒன்று.

ஏனாத்தூரில் படிக்கும் ஒரு மாணவி பழைய மடிக்கணினியில் இதை முயல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இலவசக் கணக்கு, அதில் ஒரு புதிய ரெப்போ, அதாவது நிரல் களஞ்சியம். அந்தப் பக்கத்தில் ‘கோட்’ என்ற பச்சைப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ‘கோட்ஸ்பேசஸ்’ என்ற பகுதி. அங்கே புதிய கோட்ஸ்பேஸ் உருவாக்கச் சொன்னால், சிறிது நேரத்தில் உலாவிக்குள் விஎஸ் கோட் விரிகிறது. இடப்பக்கம் கோப்புகள், நடுவில் நிரல் எழுதும் இடம், கீழே கட்டளைகளைத் தட்டும் டெர்மினல். அந்த டெர்மினலுக்குப் பின்னால் இருப்பது முழுமையான ஒரு லினக்ஸ் கணினி. அடிப்படை வகையில் 2 செயலிக் கருக்கள், 8 ஜிபி நினைவகம், 32 ஜிபி வட்டு. பைத்தான் அதில் ஏற்கெனவே இருக்கிறது.

டெர்மினலில் பிப் கட்டளையைக் கொடுத்து ஓப்பன்-தமிழை நிறுவுகிறார். தரவிறக்கம் ஆவது தரவு மையக் கணினிக்குத்தான். மாணவியின் கைபேசி டேட்டா அதற்குச் செலவாவதில்லை. இப்போது ‘காஞ்சிபுரம்’ என்ற சொல்லைப் பைத்தானிடம் கொடுத்து அதன் நீளம் எவ்வளவு என்று கேட்கிறார். 11 என்று விடை வருகிறது. யூனிகோடில் ‘கா’ என்பது ககரம் ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு குறிகள். ‘ஞ்’ என்றால் ஞகரமும் புள்ளியும். பைத்தான் குறிகளைத்தான் எண்ணியது. அதே சொல்லை ஓப்பன்-தமிழிடம் கொடுத்தால் கா, ஞ், சி, பு, ர, ம் என்று பிரித்து 6 என்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் விடை. குறுக்கெழுத்துப் புதிரோ, வெண்பாவின் அசை பிரிக்கும் கருவியோ செய்ய நினைப்பவருக்கு இந்த 6 கிடைத்தாக வேண்டும். பழைய மடிக்கணினியில் ஒரு நாளைத் தின்றிருக்கக்கூடிய ஆயத்த வேலை இல்லாமலேயே அவர் அந்த இடத்துக்கு வந்துவிட்டார்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் பாதிப் பயன்தான். மீதிப் பயன் ஒரு சிறு கோப்பில் இருக்கிறது. டெவ்கன்டெய்னர் ஜேசன் என்று அதற்குப் பெயர். ரெப்போவுக்குள் டெவ்கன்டெய்னர் என்ற உறையில் அது இருக்கும். எந்த லினக்ஸ், எந்தப் பைத்தான் பதிப்பு, சூழல் உருவானதும் எந்தக் கட்டளை தானாக ஓட வேண்டும், தொகுப்பியில் எந்த நீட்சிகள் வேண்டும், எந்தப் போர்ட்டைத் திறந்துவிட வேண்டும் என்பனவெல்லாம் அதில் சில வரிகளில் எழுதப்படுகின்றன. ஓப்பன்-தமிழை நிறுவும் கட்டளையை அதில் எழுதிச் சேமித்துவிட்டால் போதும். உத்திரமேரூரிலிருந்து ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், டொரண்டோவிலிருந்து ஒருவர் அதே பொத்தானை அழுத்தினாலும் மூவருக்கும் ஒரே சூழல் எழுந்து நிற்கும். “இன்ஸ்டால் ஆகலை” என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த வசதி கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கிட்ஹப் நிறுவனம் தன் சொந்தப் பொறியாளர்களை 2021இல் கோட்ஸ்பேசஸுக்கு மாற்றியது. அவர்களுடைய முதன்மைக் களஞ்சியம் ஏறக்குறைய 13 ஜிபி. அதைப் படியெடுக்கவே 20 நிமிடம், சூழலை முழுவதும் அமைக்க 45 நிமிடம் ஆனதாக அவர்களே எழுதினார்கள். சூழலை முன்கூட்டியே தயாராக்கி வைக்கும் முறைக்கு வந்ததும் அது 10 விநாடிக்குள் அடங்கியது. உலாவியிலேயே நிரல் எழுதி ஓட்ட வழிசெய்யும் ரெப்லிட் நிறுவனத்தின் கதை வேறு முனையிலிருந்து வருகிறது. அதைத் தொடங்கிய அம்ஜத் மசாத், ஜோர்டானில் மாணவராக இருந்தபோது சொந்தக் கணினி இல்லாமல், போகும் இடமெல்லாம் நிரல் கருவிகளைத் திரும்பத் திரும்ப நிறுவிச் சலித்தவர். அந்தச் சலிப்பிலிருந்து பிறந்ததுதான் ரெப்லிட். இயந்திரக் கற்றல் படிப்பவர்களுக்குக் கூகுளின் கோலாப் 2017 முதல் கிடைக்கிறது. வரைகலைச் செயலியை விலைக்கு வாங்க முடியாத மாணவர்களுக்கு அது செய்திருக்கும் உதவி மிகப் பெரியது.

கணினி இவ்வளவு தொலைவில் இருந்தால் தாமதம் ஆகாதா? கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். கோட்ஸ்பேசஸில் இந்தியப் பயனருக்குப் பக்கத்தில் இருப்பது தென்கிழக்கு ஆசியா, அதாவது சிங்கப்பூர். காஞ்சிபுரத்திலிருந்து சென்னை சுமார் 75 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும், 2002இல் பயன்பாட்டுக்கு வந்த ஐ2ஐ கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக, போய்த் திரும்ப 33 மில்லி விநாடி. வழியில் இருக்கும் ரவுட்டர்களால் இது இன்னும் கூடும் என்றாலும், கண் இமைக்க ஆகும் நேரமே 100 மில்லி விநாடிக்கு மேல். இதே வேலைக்கு அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தேர்ந்தெடுத்தால் தூரம் ஒரு பக்கத்துக்கே சுமார் 14,000 கிலோமீட்டர். நேர்கோட்டில் கேபிள் போட்டிருந்தாலும் 140 மில்லி விநாடிக்குக் குறையாது. அமைப்புகளில் வட்டாரத்தைச் சரிபார்த்துக்கொள்வது அதனால்தான் அவசியம்.

இதில் கவனிக்க இன்னொன்று உண்டு. தொகுப்பியில் நீங்கள் அடிக்கும் எழுத்து உடனே திரையில் விழுகிறது. அது உங்கள் உலாவியிலேயே நடக்கும் வேலை. சொல்லை முடித்துத் தருவதும் பிழையைக் கோடிட்டுக் காட்டுவதும் பெரும்பாலும் தொலைவிலுள்ள கணினியின் வேலை. அதனால் அவை கணநேரம் பிந்தி வருகின்றன. டெர்மினலில் மட்டும் ஒவ்வொரு எழுத்தும் கடல் கடந்து போய்த் திரும்பி வருகிறது. இணைப்பு மோசமாக இருக்கும் நாளில் தொகுப்பி சமாளித்துவிடும், டெர்மினல் திணறும்.

செலவு? தனிநபர் கணக்குக்கு மாதம் 120 கரு-மணி இலவசம். 2 கரு உள்ள கணினி என்றால் 60 மணி நேரம். 4 கரு கேட்டால் 30 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கற்றுக்கொள்பவருக்கு 2 கரு தாராளமாகப் போதும். சேமிப்பிடம் 15 ஜிபி. அரைமணி நேரம் தொடாமல் விட்டால் கணினி தானாக நிற்கும். வேலை முடிந்ததும் நாமே நிறுத்திவிட்டால் அந்த அரைமணியும் மிச்சம். நிறுத்தி வைத்த கோட்ஸ்பேஸும் சேமிப்பிடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், தேவை முடிந்தவற்றை அழித்துவிட வேண்டும். 30 நாள் திறக்காமல் இருந்தால் அதுவே அழிந்துவிடும். மாற்றங்களைப் பதிந்து (கமிட்) ரெப்போவுக்குத் தள்ளாத (புஷ்) நிரல் அதோடு போய்விடும். மின்சாரம் போனாலும் வேலை அங்கே பத்திரமாக இருக்கிறது என்ற தெம்பில் கமிட் செய்வதைத் தள்ளிப்போடும் பழக்கம் ஆபத்தானது. எழுந்து போகும்போதெல்லாம் கமிட், புஷ். கிளவுடில் வேலை செய்பவர் முதலில் பழக வேண்டியது இதைத்தான்.

ரகசியக் குறியீடுகளிலும் அதே எச்சரிக்கை வேண்டும். சீனிவாசன் எழுதிய ஓசிஆர்4விக்கிசோர்ஸ் கருவியை இங்கே நினைக்கலாம். வருடிய நூல் பக்கங்களைக் கூகுள் டிரைவுக்கு அனுப்பி, அது அடையாளம் காணும் எழுத்துகளைத் திரும்ப வாங்கி, விக்கிமூலத்தில் ஏற்றும் பைத்தான் நிரல் அது. நாட்டுடைமையாக்கப்பட்ட தமிழ் நூல்களை விக்கிமூலத்துக்குக் கொண்டுசேர்த்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இப்படிப்பட்ட நிரலுக்குக் கூகுள் கணக்கின் அனுமதியும் வேண்டும், விக்கியின் கடவுச்சொல்லும் வேண்டும். அவற்றை நிரலுக்குள்ளேயே எழுதிப் பொது ரெப்போவில் ஏற்றிவிட்டால் உலகம் முழுவதும் படிக்கும். கோட்ஸ்பேசஸில் ரகசியங்களுக்கென்றே தனி இடம் இருக்கிறது. அங்கே வைத்துவிட்டு, நிரலில் பெயரை மட்டும் குறிப்பிட வேண்டும். சோதனைக்காகத் திறக்கும் இணையப் போர்ட்டும் முதலில் உங்களுக்கு மட்டுமே தெரியும்படிதான் இருக்கும். தேவையில்லாமல் அதைப் பொதுவாக்கக் கூடாது.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் எழுப்பும் ஆழமான கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. அடுத்தவர் கணினியில் ஓடும் சூழல் எத்தனை நாளுக்கு நம்முடையது? இந்தத் துறையின் சிறு வரலாறே பதில் சொல்கிறது. நைட்ரஸ் என்ற சேவை 2016இல் மூடப்பட்டது. கிளவுட்9ஐ அதே ஆண்டு அமேசான் வாங்கியது, 2017இல் தன் பெயரில் வெளியிட்டது, 2024 ஜூலையில் புதிய வாடிக்கையாளர்களுக்குக் கதவை மூடிவிட்டது. எண்ணற்றவர்கள் இணையதளம் செய்து பழகிய கிளிட்ச், 2025 ஜூலையில் நிரல்களை ஓட்டித்தரும் சேவையை நிறுத்தியது. இன்று இலவசமாகக் கிடைப்பது நாளையும் அப்படியே கிடைக்கும் என்று பாடத்திட்டம் வகுப்பது தவறு.

கிட்ஹப்பும் இதற்கு விலக்காக இருக்கப்போவதில்லை. ஆனால் டெவ்கன்டெய்னர் கோப்பின் இலக்கணம் 2022 முதல் திறந்த வரையறையாக வெளியிடப்பட்டிருக்கிறது. அதே கோப்பை, டாக்கர் நிறுவிய சொந்தக் கணினியிலும் ஓட்டலாம், வேறு நிறுவனத்தின் சேவையிலும் ஓட்டலாம். சேவை மூடப்பட்டாலும் சூழலின் குறிப்பு நம் கையில் இருக்கும். எந்தக் கிளவுட் சேவையைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்புபவர்கள், அந்தச் சூழலின் விவரத்தை ஒரு திறந்த கோப்பாக வெளியே எடுத்துப்போக முடியுமா என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் போதும்.

கல்லூரிகளுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, அது இங்கே போதிய கவனம் பெறவில்லை. உலாவியில் நிரல் எழுதும் கருவிகளை உருவாக்கும் ஜூபிட்டர் திட்டத்தினர் ‘தி லிட்டிலஸ்ட் ஜூபிட்டர்ஹப்’ என்ற கட்டற்ற மென்பொருளைத் தருகிறார்கள். ஒரே ஒரு உபுண்டு சர்வரில் நிறுவினால், 100 பேர் வரை உலாவி வழியாக நுழைந்து பைத்தான் எழுதலாம். ஒவ்வொருவருக்கும் தனி உள்நுழைவு, தனிக் கோப்புகள், டெர்மினல். ஒரு மாணவருக்கு அரை ஜிபி நினைவகம் என்று வைத்தால் 30 பேர் உள்ள வகுப்புக்கு 15 ஜிபி. ஆய்வகத்தில் 32 ஜிபி நினைவகமுள்ள ஒரே கணினி இருந்தால் வகுப்பு முழுவதும் வேலை செய்யும். மற்ற மேசைகளில் இருக்கும் பழைய கணினிகள் உலாவியைத் திறக்க முடிந்தால் போதும். எல்லாம் கல்லூரியின் உள்பிணையத்திலேயே நடப்பதால் ஊரில் இணையம் அறுந்த நாளிலும் பாடம் நிற்காது. யாருடைய இலவச மணிநேரமும் தீராது, மாணவர்களின் நிரல் வெளிநாட்டு நிறுவனத்தின் வட்டிலும் தங்காது.

இதற்கு வேண்டியது, சர்வரைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருவர். லினக்ஸ் பயனர் குழுக்கள் தமிழ்நாட்டில் சொல்லிக்கொடுத்து வருவது சரியாக அந்தத் திறமையைத்தான். கணினித் துறைப் பேராசிரியர்கள் முதலாண்டு ஆய்வகத்தில் இதைச் செய்து பார்க்க வேண்டும். மாணவர்களுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பயிற்சி ரெப்போவிலும் ஒரு டெவ்கன்டெய்னர் கோப்பைச் சேர்த்துவிட வேண்டும். ஒரு மாலை நேர வேலை. அடுத்து வரும் ஒவ்வொரு வகுப்புக்கும் அது உழைக்கும்.

தனியாகக் கற்றுக்கொள்பவர்கள் கணியம் தளத்தில் தமிழிலேயே படிக்கத் தொடங்கலாம். எங்காவது சிக்கிக்கொண்டால் காஞ்சிலக் கூட்டத்தில் கேட்கலாம். கலந்துகொள்ளக் காஞ்சிபுரத்துக்காரராக இருக்க வேண்டியதில்லை, கட்டணமும் கிடையாது.